வாசகர் கேள்வி பதில்: ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள்

போன இதழில் யாருக்கோ பதில் சொல்லும்போது, அடுத்தவருக்கு விழ வேண்டிய கைதட்டலைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் நாட்டில் பாதிப் பேர் பறிகொடுத்தவர்கள். மீதிப் பாதி கடிதம் எழுதவில்லை, காரணம் தெரிந்ததுதான். சரி, இந்த முறை பக்கம் முழுக்க இதுவே இருக்கட்டும்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர் புகார்களை மூன்று வாரம் உட்கார்ந்து வகை பிரித்து ஒரு எக்செல் போட்டேன். மீட்டிங்கில் என் டீம் லீடர் அதை எடுத்து, ‘நான் பார்த்த வரைக்கும்’ என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். கடைசி ஸ்லைடில் ‘டீமுக்கு நன்றி’ என்று ஒரு வரி. நான் அதே ரூமில்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த முக்கால் மணி நேரத்தில் ஒன்றும் செய்திருக்க முடியாது, அதை நினைத்து ராத்திரி புரண்டு படுக்காதீர்கள். எழுந்து ‘இது நான் செய்தது’ என்று சொல்லியிருந்தால் எல்லோரும் எக்செல்லை மறந்துவிட்டு உங்கள் குரல் நடுங்கியதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

முதலில் உங்கள் லீடர் எந்த ரகம் என்று பாருங்கள். கை உங்களுடையது, வாய் அவருடையது, அதுதான் ஆபீஸ் நடைமுறை என்று மனதார நம்புகிற ஒரு ரகம் உண்டு. இவர்களுக்குத் தாங்கள் செய்வது திருட்டு என்றே தெரியாது. ஆகவே புகார் சொல்லாமல் ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: ‘அடுத்த மீட்டிங்கில் அந்தக் கணக்குப் பகுதியை மட்டும் நானே பேசட்டுமா சார்?’ ஒன்றும் தெரியாதவராக இருந்தால் ‘ஓ, பேசுங்களேன்’ என்பார். ‘எதுக்கும்மா உனக்கு டென்ஷன், நானே பாத்துக்கிறேன்’ என்றால் ஆள் தெரிந்துதான் செய்கிறார்.

தெரிந்து செய்கிறவருக்கு வேறு வைத்தியம். வேலை பார்த்தவருக்கு மட்டும்தான் அந்த வேலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும். உங்கள் எக்செல்லில் ஏதோ ஒரு மாதத்தின் கணக்கு இடித்திருக்கும், ஏதோ ஒரு வகையில் எதைச் சேர்ப்பது என்று இரண்டு நாள் குழம்பியிருப்பீர்கள். மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயந்திரம் எல்லோருக்கும் ஃபைலோடு ஒரு மெயில் போடுங்கள். ‘நாளை பேச வேண்டிய கணக்கு இணைப்பில் இருக்கிறது, ஜூன் மாத எண்ணிக்கையில் ஒரு சந்தேகம் உண்டு, அதை நேரில் விளக்குகிறேன்’ என்று இரண்டே வரி. மறுநாள் யாராவது ஒருவர் ஜூன் மாதத்தைப் பற்றிக் கேட்பார். உங்கள் லீடர் திரும்பி உங்களைப் பார்ப்பார். அப்போது பேசுங்கள், அவசரப்படாமல்.

அப்புறம், தனியாகச் செய்யாதீர்கள். ஒபாமா அதிபரான புதிதில் வெள்ளை மாளிகையில் அவருடைய மூத்த உதவியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். பெண்கள் சொன்ன யோசனை காற்றில் போகும், பத்து நிமிஷம் கழித்து அதையே ஓர் ஆண் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அங்கிருந்த பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி ஒன்றைச் சொன்னால் இன்னொருத்தி உடனே அதைத் திரும்பச் சொல்வாள், சொன்னவளின் பெயரையும் சேர்த்து. 2016இல் வாஷிங்டன் போஸ்ட் இதை எழுதியது. ஒபாமாவும் கவனித்துவிட்டு, பெண்களையும் இளையவர்களையும் அதிகமாகக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாராம். உங்கள் டீமில் இதே மாதிரி பறிகொடுத்த இன்னொருவர் கண்டிப்பாக இருப்பார். நாளைக்கு டீக்கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் பஸ் நிழற்குடையில் எம்.பி.யின் பெயர் ஓராள் உயரத்துக்கு இருக்கிறது. ஊர்ப் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் எங்கே இறங்குவது என்று தெரியாமல் அடுத்த ஸ்டாப் போய்த் திரும்பி நடந்து வருகிறார்கள்.
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஆட்கள் அந்தக் காலத்திலேயே சொல்லிவைத்தார்கள். இப்போது அதற்கு இன்னும் சுருக்கமாக ‘ஸ்டிக்கர் ஒட்டுவது’ என்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தன்னார்வலர்கள் வெளியூர்களிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்த நிவாரணப் பொருட்களின் மேல் அன்றைய முதல்வரின் படம் போட்ட ஸ்டிக்கர்கள் ஒட்டப்படுகின்றன என்று ஒரே சத்தமாக இருந்தது ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிந்துவிட்டது, சொல் தங்கிவிட்டது.

எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி என்பது ஆண்டுக்கு 5 கோடி. அந்தப் பணம் எம்.பி.யின் கைக்கே வராது. இந்த வேலையைச் செய்யலாம் என்று அவர் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அனுமதி கொடுத்து வேலையை முடிப்பது மாவட்ட நிர்வாகம், பணம் கொடுப்பது நீங்களும் நானும். பலகையில் ‘நிதியிலிருந்து’ என்ற சொல்லுக்கு முன்னால் யார் பெயர் வருகிறது, எந்த சைஸில் வருகிறது என்பதில்தான் சூட்சுமம். அடுத்த கிராம சபையில் நிழற்குடையைக் குறை சொல்லாதீர்கள், குறை சொன்னால் ‘செய்ததையும் குத்தம் சொல்றான்’ என்பார்கள். ஊர்ப் பெயரை அதே சைஸில் எழுதித் தரும்படி ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாத தீர்மானம் அது.

கேள்வி: ஆராய்ச்சி மாணவன் நான். கருத்தரங்கில் என் கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒரு மூத்த பேராசிரியர் கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து பன்னிரண்டு நிமிடம் தன் பழைய ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். நேரம் முடிந்தது என்று என்னை இறக்கிவிட்டார்கள். பெரிய ஆட்களுக்கெல்லாம் இப்படி நடந்ததுண்டா?
– வாசகர், சென்னை

பதில்: உங்களை விட மோசமாக, உங்கள் ஊரிலேயே படித்தவருக்கு நடந்தது. பிரெசிடென்சி கல்லூரி மாணவர், பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர்.

1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போதே அவர் ஒரு கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரம் அமைதியாகச் சுருங்கி வெள்ளைக் குள்ளனாக அடங்க வேண்டுமானால் அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, இன்றைய கணக்கில் சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் நட்சத்திரம் அடங்காது, சுருங்கிக்கொண்டே போகும். 1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் அஸ்ட்ரோனாமிகல் சொசைட்டி கூட்டம். இவருக்கு வயது 24. உலகத்திலேயே பெயர் பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அதற்கு முந்தைய மாதங்களில் கேம்பிரிட்ஜில் இவருடைய அறைக்கே அடிக்கடி வந்து, கணக்கு எதுவரை போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர். கூட்டத்தில் பேச இவருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். எவ்வளவு அக்கறை என்று தோன்றும், இல்லையா? நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தபோதுதான் சந்திரசேகருக்குத் தெரிந்தது, தனக்கு அடுத்துப் பேசப்போகிறவர் எடிங்டன், பேசப்போவதும் அதே விஷயத்தைப் பற்றி.

சந்திரா பேசி அமர்ந்தார். எடிங்டன் எழுந்தார். இந்தக் கூட்டத்திலிருந்து உயிரோடு தப்புவேனா தெரியவில்லை என்று ஆரம்பித்து, இந்தப் பையன் ஆதாரமாக வைத்திருக்கும் விஷயமே கிடையாது என்றார். நட்சத்திரம் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். சபை சிரித்தது. பதில் சொல்ல இவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை, தலைவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார். அதே வருஷம் பாரிஸில் நடந்த சர்வதேச மாநாட்டிலும் எடிங்டன் நீளமாகப் பேசினார். அங்கே தலைமை வகித்த ஹென்றி நோரிஸ் ரஸல் இவரைப் பதில் பேச விடவில்லை.

எனக்கு இதில் எடிங்டன் மேல் பெரிய கோபம் இல்லை. அவர் தப்பாக நினைத்தார், உறுதியாக நினைத்தார், நகைச்சுவையாகப் பேசத் தெரிந்தவர், பேசினார். என் கோபமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான். இன்னும் சொல்லப்போனால் நீல்ஸ் போர், வுல்ஃப்காங் பவுலி மாதிரியான இயற்பியல் ஜாம்பவான்கள் சந்திரா பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று தனியாகச் சொன்னார்கள், வெளிப்படையாகச் சொல்ல வரவில்லை. திருடனுக்குப் பூட்டை உடைக்கும் வேலையே இல்லாமல் கதவைத் திறந்துவிட்டவர்கள் இவர்கள். உங்கள் கருத்தரங்கில் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் யார்? அவர் முன்னால் மணி இருந்ததா? பன்னிரண்டு நிமிடமும் அந்த மணியை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

சந்திராவுக்கு நோபல் 1983இல் வந்தது, அவருடைய 73ஆவது பிறந்தநாளை ஒட்டி. நடுவில் 1937இல் அமெரிக்கா போனார், வெள்ளைக் குள்ளன்கள் பற்றித் தெரிந்ததையெல்லாம் 1939இல் ஒரு புத்தகமாக எழுதி மூடிவைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். எடிங்டன் 1944இல் இறந்தபோது இவர் இரங்கல் உரை நிகழ்த்தினார், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளர்களில் ஒருவர் என்று மனம் திறந்து புகழ்ந்தார். உங்களால் அந்தப் பேராசிரியரை இப்படிப் புகழ முடியாது என்றால் பரவாயில்லை, என்னாலும் முடியாது.

கேள்வி: சர் சி.வி. ராமன் எங்கள் மாவட்டத்துக்காரர் கே.எஸ். கிருஷ்ணனின் நோபல் பரிசைப் பறித்துக்கொண்டார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ‘பறித்துக்கொண்டார்’ என்பது வாட்ஸ்அப் தமிழ். வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் 1928இல் கல்கத்தாவில் ராமனோடு ஒளிச் சிதறல் பற்றிய அந்தச் சோதனைகளைக் கூடவே இருந்து செய்தவர், அதில் சந்தேகமில்லை. ‘நேச்சர்’ இதழுக்குப் போன அந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயரும் இருக்கின்றன. அதாவது ராமன் பெயரை மறைக்கவில்லை. 1930இல் ஸ்டாக்ஹோமில் பரிசை வாங்கிக்கொண்டு பேசிய பேச்சிலும் கிருஷ்ணனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பரிசை ஒருவருக்கு மட்டும் கொடுத்தது ஸ்வீடன் அறிவியல் அகாடமி. அதற்கு மேல் ராமன் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமா என்றால், சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் எனக்குப் படுவது வேறு, திருட்டு வேறு. கிருஷ்ணன் பின்னால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தார், யாருடைய நிழலிலும் காய்ந்துபோகவில்லை. (மேலே வந்த சந்திரசேகர் இதே ராமனின் அண்ணன் மகன்.)

கேள்வி: பட்டிமன்றத்தில் பேசுகிறவன் நான். என் அணித்தலைவரை விட எனக்குக் கைதட்டல் அதிகம் விழுகிறது. ‘என்னை அமுக்கிட்டான்’ என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறார். நன்றாகப் பேசுவதும் திருட்டா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். தருமி. பாண்டியனின் சந்தேகத்தைத் தீர்த்தால் ஆயிரம் பொன் என்றதும், சொக்கநாதர் எழுதிக்கொடுத்த பாட்டைத் தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டு அரண்மனைக்குப் போன புலவர். குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இருக்கிறதே, ‘கொங்குதேர் வாழ்க்கை’, அந்தப் பாட்டு. ஒருவகையில் பார்த்தால் நம் ஊரின் முதல் ஸ்டிக்கர் தருமி ஒட்டியதுதான், ஆனாலும் அவர் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. பசி என்பது ஒரு காரணம். பாட்டைக் கொடுத்தவரே சம்மதித்துக் கொடுத்தார் என்பது இன்னொன்று.

இந்தத் தருமியாக 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் நடித்தார். எதிரே சிவனாக சிவாஜி. சில நிமிஷக் காட்சி. படத்தில் அத்தனை பாட்டு, அத்தனை அலங்காரம் இருந்தும் இன்றைக்கும் ஜனங்கள் முதலில் சொல்வது அந்த ஒல்லிக் குச்சி மனிதர் மண்டபத்தில் தனியாகப் புலம்புவதைத்தான். சிவாஜி தன்னை மிஞ்சிவிட்டான் என்று அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிவிடுவாரோ என்று நாகேஷுக்கு உள்ளூர பயம் இருந்ததாம். சிவாஜி போட்டுப் பார்த்துவிட்டு, இதில் ஓர் அடிகூட வெட்டக்கூடாது என்று இயக்குநர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னார் என்பது நாகேஷ் வழியாக வந்து எல்லோரும் சொல்கிற கதை. நாகேஷ் சிவாஜியின் வசனத்தைப் பேசவில்லை, அவர் பேசும்போது பின்னால் நின்று மூக்கைச் சொறிந்து கவனத்தைக் கலைக்கவும் இல்லை. தனக்குக் கொடுத்த இடத்தில் தன் வேலையைச் செய்தார்.

ஆக உங்கள் கேள்விக்குப் பதில், உங்கள் ஏழு நிமிஷத்தில் எவ்வளவு கைதட்டல் விழுந்தாலும் அது உங்களுடையது. எட்டாவது நிமிஷத்தில் விழுவது அணித்தலைவருடையது. எத்தனை நிமிஷம் பேசுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, கவனித்தேன்.

கேள்வி: என் மகள் பாட்டுக் கச்சேரி செய்கிறாள். சின்னப் பெண் என்பதால் மிருதங்கக்காரர் அமுக்கி வாசிக்கிறார், குரலே கேட்பதில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்றே இருந்தார். இப்போது அதெல்லாம் நடக்காது. இன்றைக்குச் சண்டை மேடையில் இல்லை, பின்வரிசையில் அந்த மிக்ஸர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறாரே ஒரு தம்பி, அவர் விரலில் இருக்கிறது. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, மகளை ஒரு வர்ணம் பாடவைத்து, அளவை வைத்துவிடுங்கள். நடுவில் மிருதங்கக்காரர் விரலை மேலே காட்டி ‘ஏத்து ஏத்து’ என்றால் உங்களைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். இன்னொன்று. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டத்தில் நீங்களும் உண்டா? இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அவருக்கென்று இருப்பது அந்தக் கால் மணி நேரம்தான், அதில் முதுகைக் காட்டினால் மற்ற நேரத்தில் வாசித்துத் தீர்த்துக்கொள்ளத்தான் பார்ப்பார். உட்கார்ந்து கேளுங்கள். மகளையும் தண்ணீர் பாட்டிலைத் தேடாமல் தாளம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்யாணத்தில் தாலி கட்டும்போது மேடையில் போட்டோகிராபர், வீடியோக்காரர், அவர்களுடைய அசிஸ்டன்ட், இவர்கள் முதுகுதான் தெரிகிறது. எதற்கு அட்சதை போடுகிறோம் என்றே தெரியவில்லை.
– வாசகர், தென்காசி

பதில்: போன மாதம் நான் போட்ட அட்சதை முழுக்க ஒரு கறுப்பு டி-ஷர்ட்டின் மேல்தான் விழுந்தது. அவர் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

கேள்வி: யார் பேசினாலும் நடுவில் புகுந்து என் கதையை ஆரம்பித்துவிடுகிறேன் என்கிறாள் என் மனைவி. ‘ஒருத்தர் கால்ல கட்டோட வந்தா, எனக்கு தொண்ணூத்தெட்டுல கை உடைஞ்சப்போன்னு ஆரம்பிக்கிறீங்க’ என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறுதலாகத்தானே சொல்கிறேன்?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. எப்படித் தெரியும் என்றால், நானும் இந்த ரகம்.

சில வருஷங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம். பிழை திருத்துகிறவர், என் எழுத்தை இருபது வருஷம் திருத்தியவர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று சொல்லித்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் அவருடைய கண்ணாடி, சிவப்பு மை, ஒற்றெழுத்தில் அவருக்கு இருந்த வெறி என்று ஒழுங்காகத்தான் தொடங்கினேன். அவர் திருத்திய என் கட்டுரை ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்புறம் அந்தக் கட்டுரை, அதற்குக் கிடைத்த பாராட்டு, அதை எழுத நான் எந்த ஊருக்குப் போனேன், அங்கே எனக்கு என்ன ஆனது. சபை இரண்டு இடத்தில் சிரித்தது, ஓர் இடத்தில் கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டல். தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பினார். பார்த்தேன், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே பேசினேன். இரண்டாவது சீட்டு வரவில்லை. நாற்காலியில் இருந்தவர்களைப் பற்றி மேலே அவ்வளவு வீராப்பாக எழுதியிருக்கிறேனே, அன்றைக்கு அவர் இரண்டாவது சீட்டு அனுப்பியிருந்தால் அவர் மேல்தான் கோபப்பட்டிருப்பேன்.

எட்டு மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்று வாட்ச்மேன் வந்து நின்றார். கடைசியாகப் பேச வேண்டியவர் இறந்தவரின் தம்பி, பகல் பஸ்ஸில் சிவகாசியிலிருந்து வந்தவர். நாலாக மடித்த ஒரு பேப்பரைக் கையில் வைத்திருந்தார். தலைவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ‘அண்ணனைப் பத்தி ரொம்ப நல்லா பேசுனீங்க சார்’ என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பேப்பரில் என்ன எழுதிவைத்திருந்தார் என்று கேட்க வேண்டும் என்றே அன்றைக்குத் தோன்றவில்லை.